நமக்கு எதுக்கு இந்தப் பயிற்சி என்று கேட்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர்களில் சிலருக்குப் படித்ததும் கோபம் வரும். வரட்டும். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணுங்கள்.

போன வாரம் இரண்டு விஷயம் நடந்தது.

என்னிடம் படித்து, இப்போது தானே ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சாதி, மத வேற்றுமை பற்றி ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சியாம். "போனோம், கையெழுத்துப் போட்டோம், ஸ்கிரீன்ல ஏதோ காட்டினாங்க, டீயும் பஜ்ஜியும் குடுத்தாங்க, வந்துட்டோம். ஏன் டீச்சர், நாங்களா பசங்களை வெட்டிக்கச் சொன்னோம்? எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்டாள்.

இரண்டாவது, நம் குடும்ப வாட்ஸ்அப் குழு. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், தன் கம்பெனியில் இதே மாதிரி ஒரு பயிற்சியை கம்ப்யூட்டரில் முடித்ததைக் கிண்டலாகப் போட்டிருந்தான். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டினேன், இருபது நிமிஷத்தில் நல்லவனாகிவிட்டேன்' என்று. சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கீழே பெரியவர்கள் எழுதியதைப் படித்துச் சிரிக்க முடியவில்லை. "இது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு எதுக்கு?" "பேசப் பேசத்தான் சாதி வளரும்." "அண்ணா பிறந்த ஊர் நம்ம ஊர், இங்க யார் சாதி பார்க்கிறா?" ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் குறி வரிசையாக விழுந்திருந்தது.

குழுவில் பதில் போட்டால் சண்டையாகும் என்று சும்மா இருந்தேன். இங்கே சொல்கிறேன்.

அந்தப் பெண் சொன்னதிலும் தம்பி சொன்னதிலும் ஒரு பாதி உண்மை. அரை நாள் பஜ்ஜிப் பயிற்சியாலும் 'நெக்ஸ்ட்' பயிற்சியாலும் ஒருவரும் மாறப் போவதில்லை. ஆனால் அதிலிருந்து 'நமக்குத் தேவையில்லை' என்று முடிவுக்குப் போவது தப்புக் கணக்கு. வாத்தியார் சரியில்லை என்பதற்காகப் பாடமே வேண்டாம் என்று சொல்வது போல.

யாருக்குத் தேவை என்பதற்கு முதல் உதாரணம் நான்தான்.

1984இல் வேலைக்குச் சேர்ந்தேன், 2017இல் ஓய்வு. 33 வருஷத்தில் எந்தப் பிள்ளையையும் சாதி சொல்லித் திட்டியதில்லை. யாரையும் தனியாக உட்கார வைத்ததில்லை. சாயங்காலம் வீட்டு மாடியில் காசு வாங்காமல் கணக்கு சொல்லிக் கொடுத்தேன், எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். அதனால் 'நான் வேற்றுமை பார்க்காதவள்' என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதுப் புத்தகம் வரும். தீண்டாமை பாவம், குற்றம் என்று சொல்லும் வாசகம் முதல் பக்கங்களிலேயே இருக்கும். ஒரு பிள்ளையை எழுப்பி அதை உரக்கப் படிக்கச் சொல்வேன். அதே வாரத்தில் ஆபீசிலிருந்து உதவித்தொகைப் படிவம் வரும். உடனே நான், "எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பேன். தலையை எண்ணுவேன். "உட்காருங்க" என்பேன். அப்புறம் எம்.பி.சி., அப்புறம் பி.சி. இரண்டு நிமிட வேலை. சேர்க்கைப் பதிவேட்டில் எல்லா விவரமும் இருக்கிறது. ஆபீஸ் அறைக்குப் போய் அதைப் பார்த்து எழுத அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பிள்ளைகளை நிற்க வைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் செய்தேன்.

2018இல் பழைய மாணவர்கள் சந்திப்பு வைத்தீர்களே, அன்றைக்கு ஒருவன் ஓரமாக வந்து பேசினான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம் டீச்சர்" என்றான். 1996இல் ஒன்பதாம் வகுப்பு.

"நீங்க எழுந்து நிக்கச் சொன்னப்ப நான் நிக்கல டீச்சர். பக்கத்துல உக்காந்திருந்தவன் ரெண்டு நாளா என் டிபன் பாக்ஸ்ல கை போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். நின்னா சாப்பிட மாட்டானோன்னு பயம்."

அந்த வருஷம் அவனுக்குப் பணம் வரவில்லை. அப்பா கேட்டதற்கு "இந்த வருஷம் யாருக்கும் வரல" என்று சொல்லியிருக்கிறான். நோட்டு வாங்குவதற்காக விடியற்காலையில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். பட்டுக்குப் போடும் அரக்குச் சாயம் நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது, நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கணக்கு நோட்டில் சிவப்பாகக் கைரேகை பட்டிருந்ததைப் பார்த்து, "சுத்தம்னா என்னன்னே தெரியாதா உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டு ஸ்கேலால் இரண்டு அடி போட்டேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவனுக்கு இருந்தது.

"அடி வலிக்கல டீச்சர். 'உனக்கு'ன்னு கேட்டிருந்தா மறந்திருப்பேன். 'உங்களுக்கெல்லாம்'னு கேட்டீங்க."

அன்று இரவு தூங்கவில்லை. அந்த 'எல்லாம்' என் வாயில் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், உதவித்தொகைக்குத் தலை எண்ணும்போது அவன் நிற்கவில்லையே என்று எனக்கு உறைக்கவில்லை. பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் அவன் தெரு என் நினைவுக்கு வரவில்லை. அழுக்கைக் கண்டதும் வந்தது.

நான் கெட்ட எண்ணத்தோடு இருந்தேனா? இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் பணத்தையும் மரியாதையையும் எடுத்துக்கொண்டேன். பி.எட். படிப்பில் கரும்பலகையில் எப்படி எழுதுவது, பாடத்திட்டம் எப்படித் தயாரிப்பது என்று சொல்லித் தந்தார்கள். உதவித்தொகைப் பட்டியலை எப்படி எடுப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் அந்தப் பையன் சாயப்பட்டறைக்குப் போயிருக்க மாட்டான்.

இப்போது பெரியவர்கள் சொன்னதற்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

'பேசப் பேசத்தான் சாதி வளரும்.'

2023 ஆகஸ்ட் 9 இரவு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை, பள்ளியில் தனக்கு நடந்த தொல்லையை வெளியே சொன்னதற்காக, அவனோடு பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பையன்களும் வருஷா வருஷம் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தவர்கள்தான். அந்த வகுப்பில் யாரும் சாதியைப் பற்றி ஒழுங்காகப் பேசவில்லை. பேசாததால் அது குறைந்துவிட்டதா?

அதற்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூன் 18 அன்று 610 பக்க அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். டி.வி.யில் எல்லோரும் கையில் கட்டும் கயிறையும் நெற்றிப் பொட்டையும் பற்றித்தான் சண்டை போட்டார்கள். அறிக்கையில் உள்ள எல்லாவற்றோடும் எனக்கும் உடன்பாடு இல்லை. கோயில் ஊர்க்காரியாக, நெற்றிக் குறி பற்றிய பரிந்துரையில் எனக்கும் கேள்வி உண்டு. ஆனால் அந்தச் சத்தத்தில் யாரும் பேசாமல் விட்ட பக்கங்களைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஆசிரியர் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறிப்பிட்டுப் பிள்ளையைப் பேசக் கூடாது. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் சொல்லாமல் தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வியாண்டு தொடங்கும் முன் ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும்.

உதவித்தொகை பற்றிய அந்த ஒரு பரிந்துரையைப் படித்தபோது, யாரோ என் வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

இது ஏதோ மனசு நோகிற விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். படிப்பையே பாதிக்கும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கும் 600க்கும் மேற்பட்ட பையன்களிடம் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையன்களும் கீழ்ச்சாதி என்று சொல்லப்படும் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் போட்டார்கள். எல்லோர் முன்னாலும் ஊர், அப்பா பெயர், சாதி எல்லாவற்றையும் உரக்கச் சொன்ன பிறகு, கீழ்ச்சாதிப் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பையன்களின் மூளை மாறவில்லை, கேள்வியும் மாறவில்லை. ஒரு பெரியவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதுதான் மாறியது.

நான் ஜூன் மாதம் 'எழுந்து நில்லுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே கணக்குப் போடச் சொல்வேன். இப்போது புரிகிறதா?

ஆகவே, பேசினால் வளரும் என்பது தப்பு. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. பிள்ளையை நிற்க வைத்துப் பேசினால் வளரும். நாம் நின்று நம்மைப் பற்றிப் பேசினால் குறையும்.

'நாங்களே மிதிபட்டு வந்தவங்க, எங்களுக்கு எதுக்குப் பயிற்சி?'

இதை என்னிடம் கேட்டவர்கள் நல்லவர்கள், கஷ்டப்பட்டவர்கள். அவர்களிடமும் சொல்லியாக வேண்டும். ரெமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இருவர் இந்தியாவில் ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் வயது, ஆணா பெண்ணா, சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். முகப்பில் தாழ்ந்த சாதி என்று இருந்த தாள்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் குறைவாக மதிப்பெண் விழுந்தது. வித்தியாசம் பெரியதில்லை, ஆனால் இருந்தது. அந்தக் குறைவு மேல்சாதி ஆசிரியர்களால் வரவில்லை, தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்தே வந்த ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணில்தான் வந்தது என்று அவர்கள் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு 'பார்த்தாயா, அவங்களே அப்படித்தான்' என்று குஷியாக யாரும் கிளம்ப வேண்டாம். நாமெல்லாம் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். யாருக்கு எதை எதிர்பார்க்கலாம் என்று ஊர் சொல்லிச் சொல்லி, அந்த ஊரால் அடிபட்டவனின் மனசிலும் அது ஏறிவிடுகிறது.

திருத்தும் கட்டில் முதலில் வரும் தாள்களில்தான் இந்த வேற்றுமை அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது உடனே புரியும். முதல் பத்துத் தாளில் நமக்கே அளவு பிடிபட்டிருக்காது. அளவு இல்லாத இடத்தில் ஆளைப் பார்க்கிறோம். பொதுத் தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்துத்தானே திருத்தச் சொல்கிறார்கள்? அதற்காக எந்த ஆசிரியராவது 'என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?' என்று கோபப்பட்டதுண்டா? அது போலத்தான் இதுவும்.

'இது வெள்ளைக்காரன் வியாதி.'

நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது? வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் முன்னால் நின்று பாடுவது, எந்த நாமம் போடுவது என்று வடகலைக்கும் தென்கலைக்கும் நூறு வருஷத்துக்கும் மேலாக வழக்கு நடந்திருக்கிறது. ஒரே பெருமாள், ஒரே பிரபந்தம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது. நாம் கோடு போடுவதில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

விமானம் ஏறியும் அந்தக் கோடு கூடவே போகிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. வெள்ளைக்காரனுக்கு வந்த வியாதியாலா போட்டான்? நம்மவர்கள் கொண்டுபோனதால் போட்டான்.

சாதி மட்டும் என்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எத்தனை ஆயிரம் வடமாநிலப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நம் வீட்டு விசேஷங்களில் அவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? 'வடக்கன்', 'பான்பராக்', 'ஊரைக் கெடுக்க வந்தவங்க'. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும் பையனும் அந்த ஊர்க்காரனாக இருப்பான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. 'தமிழனைப் பற்றி இப்படிப் பொய் பரப்புகிறார்களே' என்று அப்போது எல்லோரும் கொதித்தோம். நியாயம்தான். ஒரு கூட்டத்தை மொத்தமாக 'இவங்க இப்படித்தான்' என்று சொன்னால் எப்படி எரியும் என்று அந்த ஒரு வாரம் நமக்கே தெரிந்தது. அடுத்த வாரம் மறந்துவிட்டோம்.

சரி, பெங்களூர்த் தம்பிக்கு வருகிறேன். 'பயிற்சியெல்லாம் வீண் அக்கா, ஆய்வே சொல்லுது' என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2018இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் காபிக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீசை விட்டுப் பிடித்துப்போக வைத்தார்கள். பெரிய சர்ச்சை ஆயிற்று. மே 29 அன்று அந்தக் கம்பெனி சுமார் 8,000 கடைகளை மத்தியானம் மூடி, 1,75,000 ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஒரு மத்தியானம்! பிறந்ததிலிருந்து ஏறியதை ஒரு மத்தியானத்தில் இறக்க முடியுமா? ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற இரண்டு சமூகவியல் அறிஞர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகளின் விவரங்களைப் பார்த்து, கட்டாயப்படுத்தி உட்கார வைக்கும் பயிற்சியால் பலன் இல்லை, சில இடங்களில் எதிர்விளைவுகூட வருகிறது என்று எழுதினார்கள். மனசுக்குள் மறைந்திருக்கும் சாய்வை அளக்க 1998இல் ஒரு சோதனை வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜி. ஆனால் 2019இல் ஏறத்தாழ 500 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த மறைந்த சாய்வில் கொஞ்சம் மாற்றம் வந்தாலும் அதனால் நடத்தை மாறிவிடுவதாகத் தெரியவில்லை.

அதாவது, 'எனக்குள்ளும் இருக்கிறது' என்று தெரிந்துகொண்டு பெருமூச்சு விடுவது போதாது. நானும் 2018இல் அழுதேன். அழுததால் ஒரு பிள்ளைக்கும் உதவித்தொகை வந்துவிடவில்லை.

எது பலன் தருகிறது? இதற்கும் விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. மாட் லோவ் என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். பல சாதிப் பையன்களைச் சிலரை ஒரே அணியில் போட்டார், சிலரை எதிரெதிர் அணியில் போட்டார். ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிர் அணியில் சந்தித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சும்மா ஒரே மைதானத்தில் நிற்க வைத்தால் போதாது, ஒரே பக்கம் நிற்க வேண்டும். டெல்லியில் கௌதம் ராவ் என்பவர் பணக்காரப் பள்ளிகளைப் பார்த்தார். ஏழைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்த இடங்களில், வசதியான பிள்ளைகள் இன்னும் தாராள மனசோடும், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்காமலும் இருந்தார்கள்.

கோர்வைச் சேலை நெய்யும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். தனியாள் சமாளிக்க முடியாது, இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் கரையையும் உடலையும் கோத்து நெய்ய வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்கு ஒரு முழம்கூட ஓடாது.

ஆகவே பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று, 33 வருஷம் தப்பும் சரியுமாக வகுப்பெடுத்தவள் சொல்கிறேன்.

1. உபதேசம் வேண்டாம், பதிவேட்டோடு வரச் சொல்லுங்கள். போன வருஷம் உங்கள் வகுப்பில் வகுப்புத் தலைவன் யார் யார், வகுப்பைப் பெருக்கியது யார் யார், விழாவில் மாலை எடுத்துக் கொடுத்தது யார், குடத்தில் தண்ணீர் தூக்கியது யார், 'கவனக்குறைவு' என்று யார் நோட்டில் எழுதினீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணித் தாளில் எழுதிய பிறகு 'நான் வேற்றுமை பார்க்காதவள்' என்று சொல்ல முடிகிறதா பார்ப்போம். அந்தத் தாளை யாரிடமும் கொடுக்க வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.

2. ஒரே விடைத்தாளைப் பெயரோடு ஒருவருக்கும், பெயரை மறைத்து இன்னொருவருக்கும் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். மாதத் தேர்விலும் பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவிட்டுத் திருத்தலாம். செலவே இல்லை.

3. மனசை மாற்றுவதற்கு முன் வழக்கத்தை மாற்றுங்கள். உதவித்தொகை விவரத்தைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தனியாகச் சொல்லுங்கள். அகர வரிசையில் உட்கார வையுங்கள். பெருக்குவதும் தண்ணீர் எடுப்பதும் முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும். நல்ல மனசு இல்லாத நாளிலும் நல்ல வழக்கம் பிள்ளையைக் காப்பாற்றும்.

4. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் சேர்ந்து ஜெயிக்க வேண்டிய வேலை கொடுங்கள். அறிவியல் கண்காட்சி, கபடி, தோட்டம், எதுவானாலும் சரி. தெருவுக்கு ஓர் அணி என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள்.

5. ஒரு நாளோடு முடிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறியிருந்தால்தான் பயிற்சி நடந்ததாக அர்த்தம். கையெழுத்துப் போட்டதால் அல்ல.

உறவுகளே, ஆசிரியர்களை மட்டும் சொல்லிவிட்டு உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்களும் எண்ணலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு டீ கொடுக்கும் டம்ளர் எங்கே இருக்கிறது? நம் டம்ளர்களோடு இருக்கிறதா, ஜன்னல் ஓரத்தில் தனியாக இருக்கிறதா? மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் முதல் மூன்று கேள்விக்குள் 'நீங்க என்ன ஆளுங்க?' என்பது எந்த உருவத்தில் வருகிறது? 'சைவமா?' என்று வரும், 'சொந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று வரும். எல்லாம் ஒரே கேள்விதான். என் வீட்டிலும் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. 2018 வரைக்கும் இருந்தது. மாமியார் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

என் சாதி என்ன என்று இந்தப் பதிவில் எழுதவில்லை. உறவுகளுக்குத் தெரியும். மாணவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும். நான் ஒரு நாளும் சொன்னதில்லை, ஆனாலும் உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பத்து வயசிலேயே அந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். யாரும் சொல்லித் தராமலே. அதைக் கற்க ஒரு பயிற்சியும் தேவைப்படவில்லை, மறக்கத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

அந்த மாணவனுக்கு: அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன், "விடுங்க டீச்சர்" என்றாய். நீ விட்டாலும் நான் விடுவதாக இல்லை. அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். அன்றைக்கு உங்களையெல்லாம் நிற்க வைத்தேன், இன்றைக்கு என் முறை.

ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு மாடி அப்படியேதான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாருங்கள், உங்கள் போன வருஷப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு. சேர்ந்து எண்ணுவோம். டீயும் பஜ்ஜியும் நானும் தருவேன். கையெழுத்து வாங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
காஞ்சிபுரம்